கண்ணாடியைக் கழற்றிவிட்டு விலையை ஏற்றிய கேமரா

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம், கடையும் நலம், உடையாமல் மிச்சமிருக்கிற கண்ணாடிகள் எல்லாம் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், வீட்டில் அக்கா உங்களை மறுபடி பேச்சுக்குச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் நம்புகிறேன். நீங்கள் அனுப்பிவைத்த புத்தம்புதிய மிரர்லெஸ் கேமராவை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். 'பத்து நாள் வைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை, விலைக்குத் தகுந்த பொருள் என்று தோன்றினால் பணத்தை அனுப்புங்கள், தோன்றாவிட்டால் பொருளை அனுப்புங்கள், பத்து நாளுக்குள் என்றால் கடைக்காரன் திருப்பி வாங்கிக்கொள்வான்' என்று பெட்டிக்குள் சீட்டு வைத்திருந்தீர்கள். தோன்றவில்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள், மதிய பஸ்ஸில் போட்டால் நாளைக் காலை உங்கள் கையில் இருக்கும். வேறு யாராவது என்றால் கடிதத்தை இங்கேயே முடித்துவிடுவேன். நீங்கள் அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை பார்த்தவர், கையோடு போன் போட்டு ஏன், எதற்கு என்று குடைவீர்கள். ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பழைய கேமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது, புதுசில் அதை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்று நீங்களே போனில் விளக்கினீர்கள். சரி. கண்ணாடியை எடுத்தவன் விலையைக் குறைத்தானா? ஏற்றியிருக்கிறான்! மச்சான், நான் கண்ணாடி விற்கிறவன். ஒரே ஒரு கண்ணாடியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து தொழில் தொடங்கி, இன்றைக்கு மூன்று ஷட்டர் போட்ட கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி வைத்த பீரோவுக்கு ஒரு விலை, வைக்காத பீரோவுக்கு அதைவிடக் குறைந்த விலை. கண்ணாடி இல்லாத அலங்கார மேசையைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை, ஏனென்றால் அது வெறும் மேசை. இருந்ததை எடுத்துவிட்டு, இல்லாததற்குக் காசு வாங்குகிற வியாபாரத்தை என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன். இதைச் சொன்னதற்கு, "மாப்ள, கண்ணாடி போனதுல எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க, அதுக்குத்தான் விலை" என்றீர்கள். எடையைப் பார்ப்போம் என்று பக்கத்து இரும்புக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாரை நீங்க வச்சுக்கங்க, மத்ததுக்கு இவ்வளவு தரலாம்" என்று ஒரு தொகை சொன்னார். அவர் சொன்ன விலைக்கும் நீங்கள் சொன்ன விலைக்கும் நடுவில் நாற்பது ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தலாம்.

இந்தக் கேமரா பேச்சு எப்படிக் கிளம்பியது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் மருமகள், அதாவது என் மகள், அவள் பக்கத்தை மட்டும்தான் உங்களிடம் சொல்லியிருப்பாள். படிப்பு முடித்து இரண்டு வருடமாக அவள் என்னோடு கடையில் இருக்கிறாள். கண்ணாடிகளைப் படம் எடுத்துப் போனில் போட்டால் ஊர் ஊராக விற்கலாம் என்றாள். நானே எடுத்துப் போட்டேன். எண்பது கண்ணாடி. எண்பதிலும் நான். வட்டக் கண்ணாடியில் என் தலை, நீளக் கண்ணாடியில் முழு ஆள், குளியலறைக் கண்ணாடியில் ஒரு கையில் போனும் மறு கையில் துடைக்கிற துணியுமாக. எதிரில் நிற்கிறவனைக் காட்டுவதுதானே கண்ணாடியின் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கீழே ஜனங்கள் எழுதினார்கள். "பொருள் நல்லா இருக்கு, உள்ள இருக்கிற பெரியவரை எடுத்துட்டுக் குடுப்பீங்களா?" "அவரு சேர்ந்தே வருவாரா, தனி விலையா?" ஒரு அம்மா மட்டும் மரியாதையாக, மூன்றாவது படத்தில் உள்ள சட்டை எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். கண்ணாடி ஒன்றும் போகவில்லை. அந்த நேரத்தில், அறுபது அறை கட்டிக்கொண்டிருக்கிற ஒரு லாட்ஜ்காரர், உங்களிடம் உள்ள மாடலையெல்லாம் ஒழுங்காகப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். மகள் கேமரா வேண்டும் என்றாள். நான் போனே போதும் என்றேன். அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியூர் மரச்சாமான் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்ட கடிதம். வருகிறேன் அல்லது வரவில்லை என்று பத்து நாளில் பதில் எழுத வேண்டுமாம்.

"என்னம்மா, மிரட்டுறியா?"

"இல்லப்பா. அங்க கேமரா அவங்களே வச்சிருக்காங்க. அதத்தான் சொல்றேன்."

"போறதுன்னா போ. நான் ஒன்னும் கையைப் பிடிச்சு நிறுத்த மாட்டேன்."

"மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா."

இதற்கு என்ன அர்த்தம் என்று ஒன்பது நாளாக யோசிக்கிறேன். உங்கள் குடும்பத்துப் பெண்கள் பேசினால் இப்படித்தான், பேசியது ஒரு நிமிடம், புரிய ஒரு மாதம். அவள் அன்று சாயங்காலமே தாய்மாமனுக்குப் போன் போட்டிருக்கிறாள், மறுநாளே உங்கள் பெட்டி வந்து இறங்கிவிட்டது.

சோதித்துப் பார்க்காமல் குறை சொல்கிறவன் அல்ல நான். கடையில் இருப்பதிலேயே உயர்ந்த, வேலைப்பாடு செய்த சட்டம் போட்ட கண்ணாடியை நிறுத்தி, எதிரே நின்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். உள்ளே ஒரு பச்சைக் கட்டம் வந்தது. வந்தது சட்டத்தைப் பார்க்க வேண்டாமா, வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டாமா? கண்ணாடிக்குள்ளே இருக்கிற என் கண்ணைப் போய்க் கவ்விக்கொண்டது. குனிந்தால் குனிந்தது, நகர்ந்தால் நகர்ந்தது. "அது ஆளோட கண்ணைத் தேடிப் பிடிக்கும்ப்பா, அதுக்குத்தான் அந்த விலை" என்றாள் மகள். உங்கள் தங்கை முப்பது வருடமாக என் கண்ணைத் தேடியதில்லை, இந்த மிஷினுக்கு என்ன அவசரம்? படம் வந்தது. சட்டம் மங்கல், நான் பளிச். போனிலாவது நான் ஏதோ நிழல் மாதிரி, மரியாதையாகத் தெரிந்தேன். இதில் என் மூக்கில் உள்ள குழி, சட்டையில் இல்லாத இரண்டாவது பட்டன், எல்லாம் தெரிகிறது. அதோடு விட்டதா? கண்ணாடியின் கீழ் மூலையில் பின்பக்க ரசம் போய்க் கடுகளவு மூன்று கறுப்புப் புள்ளி உண்டு. அந்த மூலையில் கட்டைவிரலை வைத்துத்தான் நான் எப்போதும் தூக்கிக் காட்டுவேன், உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த மூன்றையும் இந்தக் கேமரா மூன்று தட்டு அளவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது. மச்சான், வியாபாரம் நடக்கிற இடத்தில் இப்படி உண்மை பேசுகிற சாமானை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது?

சரி, படத்திலிருந்து முதலில் என்னை வெளியேற்றுவோம் என்று இறங்கினேன். எங்கள் கண்ணாடி வெட்டுகிறவரை உங்களுக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றைக்கூட உடைக்காதவர், அதனாலேயே ஒடசல் என்று பெயர் எடுத்தவர். அவர், "முதலாளி, கறுப்புப் போர்வையைப் போத்திக்கிட்டு எடுங்க, கண்ணாடில போர்வைதான் விழும்" என்றார். போர்வையில் மூன்று ஓட்டை போட்டோம், கண்ணுக்கு இரண்டு, கேமராவுக்கு ஒன்று. சரியாக அப்போது ஒரு டீச்சரம்மா குளியலறைக் கண்ணாடி வாங்க உள்ளே வந்தார்கள். சுற்றிலும் கண்ணாடி உள்ள கடையில் ஒரு கறுப்புப் போர்வை எண்பது கறுப்புப் போர்வையாகத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவர்கள் போட்ட சத்தத்தில் இரும்புக் கடைக்காரர் கம்பியோடு ஓடி வந்தார். "யாருடா அது?" "நான்தான்யா!" "எந்த நான்?" என்று அவர் எண்பது பக்கமும் கம்பியை ஓங்குகிறார்.

அடுத்து, அமுக்கிவிட்டு நாம் ஓடிப்போக, பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கிற வசதி. முதல் படத்தில் என் முதுகு, இரண்டாவதில் ஒரு கால். மூன்றாவது தடவை மகள் எச்சரித்தாள். "அப்பா, விநாடிக்கு இருபது படம் எடுக்கிற மாதிரி எதையோ அமுக்கி வச்சிருக்கீங்க, நில்லுங்க." நான் நிற்கிற ஆளா? ஓடினேன். எதிரே ஒருவர் என்னைவிட வேகமாக ஓடி வந்தார். பெரிய மனிதர் மாதிரி இருந்ததால் வழிவிட ஒதுங்கினேன். அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். முப்பத்தைந்து வருடம் கண்ணாடி விற்ற எனக்கு, அது சுவரில் சாய்த்திருந்த ஆளுயரக் கண்ணாடி என்பது இடித்த பிறகுதான் உறைத்தது. எனக்கு முழங்கையில் இரண்டு கீறல், கண்ணாடிக்கு ஆயுள் முடிந்தது. ஒடசல் கூட்டி அள்ளிக்கொண்டே, "முதலாளி, இனிமே அந்தப் பேரை நீங்க வச்சுக்கங்க" என்றார். நடந்ததெல்லாம் அறுபது படமாக, ஒரு துண்டு சிதறுவதுகூட விடாமல், பதிவாகிவிட்டது. வீட்டில் அதை வரிசையாக ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கம்பெனிக் கடிதம் வந்த நாளிலிருந்து உம்மென்று இருந்த மகள் அன்றைக்குத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேமராவின் லாபத்தில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன், உடைந்தது என் கண்ணாடி.

மறுநாள் அவள் என்னைக் கேட்காமலே கேமராவை எடுத்தாள். பச்சைக் கட்டத்தை அணைத்தாள். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வெறும் வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்தாள், தான் தள்ளிப் பக்கவாட்டில் நின்றாள். எடுத்தால், கண்ணாடிக்குள் ஆளும் இல்லை, கடையும் இல்லை, வெளிச்சம் மட்டும். இரண்டு நாளில் நாற்பத்திரண்டு மாடல். புள்ளி விழுந்ததையும் மூலையோடு எடுத்து, 'புள்ளி உண்டு, பாதி விலை' என்று எழுதிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏம்மா, அந்த மூலைல ஒரு கட்டைவிரலை வச்சிருக்கலாமே?"

"வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல யாருப்பா கட்டைவிரல் வைப்பாங்க?"

மூன்றாம் நாள் லாட்ஜ்காரர் போன் செய்தார். "புள்ளி இருக்கிறதையும் நீங்களே காட்டிட்டீங்க, அப்ப மத்ததை நான் நேர்ல வந்து பார்க்க வேண்டியதில்ல. பெருசு அறுபது, சின்னது அறுபது, அனுப்பிடுங்க." ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. எனக்குக் கை நமநமவென்று இருந்தது.

உடனே நீங்கள், 'பார்த்தீர்களா மாப்பிள்ளை, கேமரா விலையை எடுத்துக் கொடுத்துவிட்டது' என்பீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே கேமரா, ஒரே கடை, ஒரே கண்ணாடி. என் கையில் அது அறுபது படத்தில் என் மானத்தை வாங்கியது, அவள் கையில் நூற்றிருபது கண்ணாடி விற்றது. அப்படியென்றால் விலை உள்ளது எது? அவள்தானே? பெட்டிக்கு எதற்கு நான் நாற்பது கண்ணாடி விலை கொடுக்க வேண்டும்? கம்பெனிக்கு அவள் நாளைக்குள் பதில் எழுத வேண்டும். எழுதட்டும். ஒரு சாமானை வாங்கிக் கொடுத்து மகளைக் கடையில் நிறுத்திவைத்தேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். சொன்ன விலைக்கு இதுவரை நான் எதையும் வாங்கியதில்லை, இனியும் வாங்கப்போவதில்லை. இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை அக்காவிடமும் சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும், உங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு என் ஆசியும். உங்கள் வீட்டுக் கண்ணாடிகள் எல்லாம் ரசம் போகாமல், பார்க்கிற முகமெல்லாம் சிரித்தபடி, நெடுங்காலம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எந்த விலைக்கும் மசியாத
உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: பெட்டியைப் பிரித்தவுடன் பதற வேண்டாம், உள்ளே கேமரா இல்லை. ஒடசல் கட்டுவதற்கு எடுத்தபோது, ஏதாவது படம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தேன். அவள் எடுத்ததில் நாற்பத்து மூன்றாவதாக ஒன்று இருந்தது. நான் ஒரு கண்ணாடி முன்னால் குனிந்து, வாயால் ஊதி, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எப்போது எடுத்தாளோ தெரியாது. கண்ணாடிக்குள் என் தோளுக்கு மேலே அவள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேமராவோடு. நாற்பத்திரண்டு கண்ணாடியில் ஒரு தூசியைக்கூட விடாதவள். "ஏம்மா, இதுல நீ விழுந்திருக்கியே, தள்ளி நின்னிருக்கக் கூடாதா?" என்றேன். "அது விக்கிறதுக்கு இல்லப்பா" என்றாள். நான் கொஞ்ச நேரம் அங்கே இருந்த கண்ணாடியெல்லாம் துடைச்சேன், ஏற்கெனவே துடைச்சதையும். அப்புறம் கேட்டேன், "இந்தக் கடைல இருக்க என்ன விலை சொல்ற?" யோசிக்கவே இல்ல மச்சான். "கேமரா. கடைல பாதிப் பங்கு. இனிமே மூலைல கட்டைவிரல் வைக்கக் கூடாது." "பங்கைக் கால்னு வச்சுக்குவோம்." "சொன்ன விலைதான்ப்பா." "கட்டைவிரலையாவது..." "சொன்ன விலை." முகத்துல ஒரு சிரிப்புக் கிடையாது, அப்படியே என்னை மாதிரி. கொடுத்துட்டேன். கம்பெனிக்கு வரலன்னு எழுதிட்டா. மேலே கேமரா விலையைப் பத்தி எழுதினதுல ஒரு எழுத்தையும் நான் மாத்தப் போறதில்ல, மாத்தினா பஸ்ஸும் போயிடும். பெட்டிக்குள்ள நீங்க சொன்ன தொகைக்குக் காசோலை இருக்கு, ஒரு காசு குறைக்கல, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கூடவே உங்களுக்கு ஒரு கண்ணாடியும் வச்சிருக்கேன். கீழ் மூலைல மூணு கறுப்புப் புள்ளி இருக்கு.