பன்னிரண்டு நாற்பதுக்குப் போட்ட ஊசி

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் இங்கே நலம். 'இருவரும்' என்பதை அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் வீட்டிலும் எல்லோரும் நலமாக, முக்கியமாக உங்கள் ரத்த அழுத்தம் அடக்கமாக, இருக்க வேண்டும்.

நேற்று போனில் பாதி கேட்டுவிட்டு, "சனிக்கிழமை வர்றேன், என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டால் நடுவில் கத்துவீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை என்பதால் எழுதி, என்னோடு டிப்போவில் இருந்த, இன்று உங்கள் ஊருக்கு வண்டி கொண்டுவரும் பஸ் டிரைவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

விடுதியில் இறங்கிய அன்றே வரவேற்பு மேஜைப் பையன் கேட்டான்: "சாப்பாடு எப்படி சார்? ரூம்லயே அடுப்பு இருக்கு, சமைச்சுக்கலாம். இல்ல, மூணு வேளையும் எங்ககிட்ட. இல்ல, வெளிய பாத்துக்குறீங்களா?" உங்கள் தங்கை சமைத்துக்கொள்ளலாம் என்றாள். "சர்க்கரை எனக்கு. பசி என் நேரத்துக்குத்தான் வரும், அவங்க மணிக்கு வராது" என்றாள். நான்தான், கடலைப் பார்க்க வந்த இடத்திலும் அவள் அடுப்பைப் பார்க்க வேண்டுமா என்று நல்லெண்ணத்தில், மூன்று வேளையும் விடுதியிலேயே என்று கையெழுத்துப் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் பஸ்களுக்கு நேரம் குறித்தவன் நான். பகல் சாப்பாடு ஒரு மணி என்று சுவரில் எழுதியிருந்தால் ஒரு மணிதான் என்று நம்புவது என் தொழில் புத்தி.

முதல் நாள் ஒழுங்காகப் போனது. இரண்டாம் நாள் காலை முழுக்கக் கடலோரம் நடந்தோம். பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் இன்சுலின் போட்டுக்கொண்டாள். ஒரு மணிக்குக் கீழே போனால் சாப்பாட்டு அறையில் உட்கார இடமில்லை. சுற்றுலா பஸ்ஸில் நாற்பது பேர் விடுதியில் தங்க வந்து இறங்கியிருக்கிறார்கள். பரிமாறுகிறவர், "அரை மணி பொறுங்க, அடுத்த பந்தி உங்களுக்குத்தான்" என்று ஓடிவிட்டார். ஊசி பொறுக்குமா மச்சான்? ஒன்று பத்துக்கு அவள் நெற்றி வேர்த்தது. "ஒரு மாதிரி வருதுங்க" என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவசரத்துக்கு என்று கைப்பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பாளே, அதைத் தேடினாள். வெறும் காகிதம்தான் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, காலையில் அவள் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது அதைத் தின்றது நான். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. 'உள்ளே வரக் கூடாது' என்று எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் விழுந்தேன். கரண்டியோடு நின்ற சமையல்காரம்மா, "யோவ், யாருய்யா நீ?" என்று அதட்டினார். "சர்க்கரை" என்றேன். "யாருக்கு?" "சர்க்கரைக்கு!" என்றேன். வேறொருவர் என்றால் என்னைப் பைத்தியம் என்று வெளியே தள்ளியிருப்பார். அந்த அம்மா புரிந்துகொண்டார். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரில் நாலு கரண்டிச் சர்க்கரையைக் கலக்கி, படிக்கட்டுக்கு ஓடி, உங்கள் தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்து, "மெதுவா... விழுங்கு தாயி" என்று புகட்டினார். பத்து நிமிடம். என் சர்வீஸில் எந்த பஸ்ஸும் அவ்வளவு தாமதித்ததில்லை. பிறகு அவள் கண்ணில் தெளிவு வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து, "பயந்துட்டீங்களா?" என்றாள். "சேச்சே" என்றேன். "கை நடுங்குதே." "அது உன் கை." "என் கை நடுக்கம் நின்னு ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள்.

சமையல்காரம்மா என் பக்கம் திரும்பினார். "படிச்ச மனுஷன்தானே? தட்டு கண்ணு முன்னால வந்தப்புறம் ஊசி போடச் சொல்லக் கூடாதா?" நாற்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். தலை குனிந்து நின்றேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டோம். விடுதிச் சாப்பாடு ரத்து. மிச்சமுள்ள ஐந்து நாளும் அறையிலேயே சமையல். சமைப்பவன் நான், நேரம் குறிப்பவள் அவள். நேற்றிரவு முட்டை சட்டியை விட்டு வர மறுத்தது. சுரண்டிக் கொடுத்தேன். "ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று சொல்லிவிட்டு முழுதும் சாப்பிட்டாள். இந்த ஏற்பாட்டில் இனி எள்ளளவும் மாற்றமில்லை. அவளுக்குப் பூரண ஓய்வு, சத்தியம். எனவே நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், என்னை நம்புங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், உங்கள் கோபத்துக்கு என் பணிவான மன்னிப்பும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இன்னமும் உடன் வைத்திருக்கும்
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் உங்கள் தங்கையைக் காணவில்லை. தேடினால் விடுதிச் சமையலறையில் நிற்கிறாள். சமையல்காரம்மாவின் மகளுக்கு இன்று பிரசவ வலி கண்டுவிட்டதாம், அவர் கிளம்புகிறார். "அந்தம்மா எனக்கு உசுரு குடுத்தவங்க. நாலு நாளைக்கு நான் பாத்துக்குறேன்னு சொல்லிட்டேன்" என்கிறாள். சுற்றுலாக்காரர்கள் நாற்பது பேர், நாங்கள் இருவர். வெங்காயம் நறுக்குவது நான். சனிக்கிழமை வரை தள்ளிப்போடாமல் நாளையே வாருங்கள் மச்சான். முடிந்தால் அவள் அண்ணியையும் அழைத்து வாருங்கள்.