ஸ்டார்ட்டை அமுக்கினால் நிற்கும்

கம்ப்யூட்டரை ஒழித்துக்கட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கஜபதி முடிவு செய்தார். உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில், அவர் மேஜைமேல் இருந்த ஒன்றை மட்டும். அதையும் முழுசாக அல்ல. அதற்குள் புதிதாகக் குடிவந்திருந்த ஜன்னலை மட்டும்.

கம்ப்யூட்டருக்குள் எதைத் தொடுவதானாலும் அந்த ஜன்னல் வழியாகத்தான் தொட வேண்டும். பழைய ஜன்னலோடு கஜபதி மூன்று வருஷம் குடித்தனம் செய்திருந்தார். பந்தியில் இலை போட்ட மாதிரி பெட்டிகள் வரிசையாக இருக்கும். இரண்டாவது வரிசையில் மூன்றாவது பெட்டி சரக்கு இருப்பு. கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். ஸ்டோர்ஸிலேயே அப்படித் தட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் அறைக்கு மட்டும் ஏ.சி. உண்மையில் ஏ.சி. கம்ப்யூட்டருக்கு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த நுணுக்கத்தைக் குடியிருந்த கொரட்டூரில் அவர் யாருக்கும் விளக்கியதில்லை, மனைவி பார்வதம் உட்பட.

தொண்ணூற்றாறு புரட்டாசியில் மவுண்ட் ரோட்டிலிருந்து ஓர் ஆள் வந்தான். ஒரு வட்டத் தகட்டைச் செருகினான். டீ குடித்தான். போய்விட்டான். மறுநாள் பார்த்தால் பந்தியைக் காணோம், இலையைக் காணோம். கொரட்டூர் ஏரி மாதிரி ஒரே வெற்றுப் பச்சை. ஓரத்தில் நாலு பொம்மை.

பக்கத்து அறைத் தங்கவேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, குப்பத்தொட்டியக் கொண்டாந்து வாசல்லியே வெச்சிகீறான்?"

"அத உடு. மேல படி. 'என் கம்ப்யூட்டர்'னு எழுதிகீது பாரு. இது கம்பெனி சொத்துப்பா. நாளைக்கு ஆடிட்ல வந்து யாரு கம்ப்யூட்டர்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"உன் பேரு போட்டுகீறானா?"

"பேரு போடலை. என்னுதுன்னு போட்டுகீறான். அது இன்னும் மோசம்."

கஜபதி தாமதிக்கவில்லை. கம்பெனியின் சொத்து எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, திரைக் கண்ணாடிமேல் அந்த எழுத்தை மறைத்துக் கோந்து போட்டு ஒட்டினார். அன்று முழுக்க அந்தப் பொம்மையை அவர் தொடவில்லை.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இடது பக்கம் கீழ்மூலையில் 'ஸ்டார்ட்' என்று ஒரு கட்டம் இருந்தது. எதை ஸ்டார்ட் செய்ய? அதுதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே! ஓடுகிற பம்புக்கு மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் மோட்டார் காயில் எரிந்துபோகும் என்பது கம்பெனியின் கூர்க்காவுக்குக்கூடத் தெரியும். கஜபதி அந்தக் கட்டத்தின் பக்கமே போகவில்லை. 'ஆஃப்' எங்கே இருக்கிறது என்று நாலு நாள் தேடினார். கிடைக்கவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்கு யாரும் பார்க்காத நேரமாகச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், நேற்று என்னை ஒழுங்காக மூடாமல் போனாயே என்று கேட்கும். கஜபதி வேறு பக்கம் பார்ப்பார்.

இதற்கு நடுவில் மானேஜர் ஜேம்ஸ் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். ஆயுத பூஜைக்குள் புது ஜன்னலைக் கற்றுக்கொள்ளாதவர்கள் வேப்பம்பட்டு குடோனுக்கு மாற்றப்படுவார்கள். வேப்பம்பட்டு குடோனில் ஒரே ஒரு ஃபேன். அது மழைக்காலத்தில் மட்டும் சுற்றும். ஐம்பத்திரண்டு வயதில் நாற்காலி போய்விடும் என்று கஜபதிக்கு வந்த பயம் நிஜமான பயம். அதைப் பார்த்து மட்டும் நாம் சிரிக்க வேண்டாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து மனு எழுதினார். பார்வதம் காபியை வைத்துவிட்டு, குனிந்து படித்தாள்.

"'மேற்படி புதிய ஜன்னலானது, என் மனைவி பார்வதம் போன்ற ஒன்றும் அறியாதவர்களுக்கு எக்காலத்தும் விளங்காதென்பதைத் தாழ்மையுடன்...' இன்னாங்க இது?"

"மனு."

"ஒன்றும் அறியாதவர்னா யாரு?"

"அது சட்ட பாஷைம்மா. பொதுமக்கள்னு அர்த்தம்."

"பொதுமக்களுக்குப் பார்வதம்னா பேரு?"

"ஒரு உதாரணம் காட்டணும்ல? தங்கவேலு சம்சாரம் பேரை நான் எப்பிடிப் போடறது? அடி வுழும்."

பார்வதம் காபி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் எழுபத்தோரு மார்க். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த எழுபத்தொன்றைப் பற்றி ஒரு மனுஷன் அவளைக் கேட்டதில்லை. அது அவளுக்கு எப்போதும் ஒரு குறைதான்.

மனுவில் கம்பெனி ஆட்கள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மானேஜர் ஜேம்ஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

"கஜபதி, சாதாரண ஆளுக்குப் புரியாதுன்னு சொல்றீங்க."

"சத்தியமாப் புரியாது சார்."

"சரி. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. எல்லாரும் குடும்பத்தோட வருவீங்க. இந்தப் பார்வதம் அம்மாவையே கூட்டிட்டு வாங்க. பூஜைக்கு முன்னாடி எல்லா மெஷினையும் நிறுத்தணும்ல? கம்ப்யூட்டரை அவங்க நிறுத்தட்டும். முடியலைன்னா பழைய ஜன்னலையே போட்டுத் தரேன். நிறுத்திட்டாங்கன்னா நீங்க வேப்பம்பட்டு. சம்மதமா?"

கஜபதிக்குக் காதில் தேன் பாய்ந்தது. நிறுத்துவதா! அவராலேயே முடியாத காரியமாயிற்றே! சட்டென்று சம்மதித்தார். பதினொரு பேரும் அவர் முதுகில் தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே பயிற்சி ஆரம்பமானது.

"தோ பாரு பார்வதம். நீ ஒன்னியும் செய்ய வேணாம். அதான் நீ செய்ய வேண்டியது."

"சரிங்க."

"பொட்டி முன்னால போய் நிக்கணும். முழிக்கணும். 'ஐயோ, எனக்கு ஒன்னும் வெளங்கலையே'ன்னு சொல்லணும். எங்க, முழி பாக்கலாம்."

பார்வதம் முழித்தாள்.

"பத்தாது. நான் மொத நாளு முழிச்ச மாதிரி முழி."

"நீங்க முழிச்சப்ப நான் பாக்கலையே?"

கஜபதி முழித்துக் காட்டினார். மிக இயல்பாக வந்தது. பார்வதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வியாழக்கிழமைவரை தினம் ஒரு தடவை முழிக்கச் சொல்லிப் பார்த்து, திருப்தியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி முழுக்க வாழைக்கன்றும் மாவிலையும். லேத் மெஷினுக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, கூர்க்காவின் சைக்கிளுக்குச் சாமந்தி. தங்கவேல் ஆர்வம் தாங்காமல் கம்ப்யூட்டருக்குப் பட்டை பட்டையாக விபூதி தீட்டியிருந்தான். மவுஸையும் விடவில்லை. பிள்ளையார் வாகனமாயிற்றே என்று அதற்குச் சந்தனத்தை அள்ளிப் பூசியிருந்தான். பத்தரைக்கு ராகுகாலம். பத்து மணிக்கு ஜேம்ஸ் வந்தார். கையெழுத்துப் போட்ட பதினொரு பேரும், அவர்களுடைய மனைவிமார் பதினொரு பேரும் சுற்றி நின்றார்கள்.

"நிறுத்துங்கம்மா" என்றார் ஜேம்ஸ்.

பார்வதம் அரக்குப் பட்டுப்புடவையில் போய் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லிக் கஜபதி பயிற்சி கொடுத்திருக்கவில்லை. மவுஸைத் தள்ளினாள். நகரவில்லை.

"நகரலை சார்!" என்று கஜபதி குதித்தார். "மிஷினு ஒத்துக்கலை சார்! மனுல இதைத்தான் சொல்லிகீறேன்!"

பார்வதம் மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஓர் உருண்டை. அதைச் சுற்றிச் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகி, உருண்டையை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, உள்ளே போட்டு மூடினாள். மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று வருஷமாக அதற்குள் உருண்டை இருப்பது கஜபதிக்குத் தெரியாது.

அவர் அவளைப் பார்த்து முழித்துக் காட்டினார். இப்படி முழி என்று அர்த்தம். அவள் திரும்பவே இல்லை. திரையை மேலிருந்து கீழே பார்த்தாள். நேராக மூலைக்குப் போய் ஸ்டார்ட்டை அமுக்கினாள்.

"ஐயையோ, ஸ்டார்ட்டு! காயில் எரியப் போவுது!" என்று கத்தினார் கஜபதி.

எதுவும் எரியவில்லை. மூலையிலிருந்து ஒரு பட்டியல் எழும்பியது. பார்வதம் விரல் வைத்துப் படித்தாள்.

"கடைசில 'ஷட் டவுன்'னு கீது. ஷட்டரை எறக்குன்னுதானே சார்?"

"அதேதான்மா!"

அமுக்கினாள். நிஜமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். ஏரி மறைந்தது. இனிமேல் தைரியமாக அணைக்கலாம் என்று கம்ப்யூட்டரே ஆரஞ்சு எழுத்தில் சொன்னது. பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டுப் பார்வதம் எழுந்தாள். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதில் ஒரு நிமிஷம் சந்தனம்.

ஜேம்ஸுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எப்படிம்மா? நிறுத்தறதுக்கு ஸ்டார்ட்டை அமுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"இதுல இன்னா சார் கீது? ஊட்ட உட்டுக் கெளம்பறப்ப 'போறேன்'னா சொல்றோம்? 'வரேன்'னுதானே சொல்றோம்? சாமி வெளக்க 'அணை'ன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? 'குளிர வை'ன்னு சொல்லுவாங்க. எண்ண தீந்துட்டா எங்கம்மா 'நெறஞ்சு போச்சு'ன்னுதான் சொல்லும். 'நிறுத்து'ன்னு வாசல்ல எழுதி மாட்டினா அபசகுனமா இருக்காது? இதைச் செஞ்சவன் எவனோ நல்ல குடும்பத்துல பொறந்தவன் சார்."

மனைவிமார் பதினொரு பேரும் ஆமாம் என்றார்கள். கணவன்மார் பதினொரு பேரும், எங்களுக்கு அப்போதே தெரியும் என்பதுபோல் தலையாட்டினார்கள். முதலில் ஆட்டியவன் தங்கவேல்.

கஜபதிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில் வேப்பம்பட்டு ஃபேன் சுற்றாமல் நின்றது. பார்வதத்தை ஓரமாக இழுத்தார்.

"அடிப்பாவி, முழிக்கிறேன்னு சொன்னியே!"

"முழிச்சுக்கினுதாங்க இருந்தேன். நீங்கதான் பதினோரு பேருகிட்ட என்னை ஒன்னும் தெரியாதவன்னு கையெழுத்து வாங்கினு வந்தீங்க. அதை அப்பிடியே உட்டுட முடியுமா?"

சொல்லிவிட்டு அவளே ஜேம்ஸிடம் போனாள். இவர் வேப்பம்பட்டுக்குப் போனால் ரயிலில் தூங்கித் திருவள்ளூரில்தான் இறங்குவார், இங்கேயே இருக்கட்டும், சொல்லிக் கொடுக்க வேண்டியதை நான் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள். ஜேம்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரிம்மா, உங்களுக்காக விடறேன். உங்களுக்குப் பரிசா என்ன வேணும், கேளுங்க."

பார்வதம் கம்ப்யூட்டருக்கு அடியில் கையைக் காட்டினாள். புது ஜன்னலோடு வந்த தடிப் புத்தகம் அங்கே இருந்தது. கம்ப்யூட்டர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று கஜபதி அதை முட்டாக வைத்திருந்தார். புத்தகம் பொரி, கடலை, சுண்டலோடு பையில் ஏறிக் கொரட்டூருக்குப் போனது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஜேம்ஸ் அவளிடம் ஒரு நம்பரும் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு லத்தீஃபாவின் போன் நம்பர். கூப்பிட்டால் அவள் சுவரைத் தட்டிப் பார்வதத்தை அழைப்பாள்.

அடுத்த மூன்று நாளும் விடுமுறை. பார்வதம் புத்தகத்தைப் படித்தாள். கஜபதிக்கும் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாள். முதல் பாடத்திலேயே அவருக்குத் தலை வலித்தது. மறுநாள் கால் வலித்தது.

செவ்வாய்க்கிழமை ஏ.சி.யில் உட்கார்ந்தார். சரக்கு இருப்பைத் திறக்கப் போய், எதையோ தொட்டு, ஏதோ ஆகி, திரை முழுக்கக் கேள்வியாக நின்றது. பன்னிரண்டு மணிக்குள் இருப்புப் பட்டியல் ஜேம்ஸ் மேஜைக்குப் போக வேண்டும். கஜபதிக்கு வியர்த்தது. மானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு லத்தீஃபா வீட்டுக்குப் போன் போட்டார். எங்கேஜ். மறுபடி போட்டார். எங்கேஜ். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜேம்ஸ் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் வைத்த பிறகும் எங்கேஜ்தான். பதினொன்றே முக்காலுக்கு ஒரு வழியாக லைன் கிடைத்தது.

"லத்தீஃபாம்மா! நான் கஜபதி. கொஞ்சம் பார்வதத்தக் கூப்பிடேன், அவசரம்!"

"அடடே, அண்ணனா? அண்ணி இப்பத்தாண்ணே பேசி முடிச்சுட்டு, சாம்பார் தீயுதுன்னு ஓடினாங்க. நீங்க போன் பண்ணா ஒன்னு சொல்லச் சொன்னாங்க."

"சொல்லு, சொல்லு, எழுதிக்கிறேன்!"

"எல்லாத்தியும் தங்கவேலு அண்ணன்கிட்ட போன்ல சொல்லிக் குடுத்துட்டாங்களாம். எந்திரிச்சு அவருக்கு எடம் உடணுமாம்."