ஏரியில் நின்ற உன் அக்காவும் நான் எடுத்த படமும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். மற்றபடி வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, கேமராவை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனவன் நீதானே.

நான் ஓய்வு பெற்ற அன்று அதை என் கையில் கொடுத்து, "இத்தனை வருஷம் பஸ்ஸை ஓட்டிக்கிட்டு எல்லாத்தையும் தாண்டிப் போயிட்டீங்க அத்தான். இனிமேலாவது அக்காவைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்துல இருக்கிற இடமெல்லாம் நிதானமாப் பாருங்க" என்றாய். சரியென்று போனோம். முதலில் மணிக்கூண்டு. பாதி ஆயுளுக்கு அதைச் சுற்றித்தான் பஸ் ஓட்டியிருக்கிறேன், ஆனால் மேலே இருக்கும் கடிகாரம் ஓடவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. உன் அக்காவை அடியில் நிறுத்தினேன். அவளும் வரவேண்டும், உச்சியும் வரவேண்டும் என்று கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் போனேன், போனேன், தெருவைத் தாண்டி ஏதோ ஒரு வாசலுக்குள் நுழைந்து ஒரு நாற்காலியில் பொத்தென்று விழுந்தேன். விழுந்த மாத்திரத்தில் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முகமெல்லாம் நுரை. சலூன்காரர் கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, "மீசையையும் எடுத்துடலாமா சார்?" என்று கேட்டால் யார் மறுத்துப் பேசுவார்கள். திரும்பி வந்தால், உன் அக்கா அதே சிரிப்போடு அதே இடத்தில் நிற்கிறாள். என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், எங்க வீட்டுக்காரர் போட்டோ எடுக்கிறார்" என்றாள்.

அதையாவது சிரித்துத் தீர்த்துக்கொண்டோம். ஏரிதான் குடும்பத்தைக் கெடுத்தது. மிதிபடகில் ஏறினோம். மிதிப்பது அவள், படமெடுப்பது நான். கரையோரமாக ஒரு கட்டை மேல் கொக்கு ஒன்று நல்ல வாகாக நின்றது. பறந்துவிடப் போகிறதே என்று, "அப்படியே நில்லு" என்றேன். கொக்கிடம்தான் சொன்னேன். உன் அக்கா தன்னைச் சொன்னதாக நினைத்து எழுந்து நின்றுவிட்டாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆள் தண்ணீரில். ஆழம் இடுப்பளவுதான். தலையில் பாசி, கையில் விரித்த குடை, என்னைச் சுட்டுவிடுகிற மாதிரி ஒரு பார்வை. வெயில் வேறு அவள் முகத்தில் அவ்வளவு அழகாக விழுந்தது. கையை நீட்ட வேண்டியவன் படம் எடுத்துவிட்டேன். ரெண்டு தடவை. முதல் தடவை கண்ணை மூடிட்டா.

"இந்த மனுஷனுக்குக் கை எதுக்கு இருக்குன்னே தெரியலை" என்று படகுக்காரரிடம் சொன்னாள். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "காப்பி ஆறுது" என்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்கிறாள். ஃபிரிட்ஜுக்கு என்னத்துக்குக் காப்பி, நான்தான் எடுத்துக் குடிக்கிறேன். மன்னிப்பு கேக்கலாம்னு வாயைத் தொறந்தா எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுறா. ஒரு பஸ் நிறைய ஆள் கத்தினாலும் அசராம ஓட்டினவன்டா நான், இந்த அமைதியைத் தாங்க முடியலை. ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, கேமராவையும் கையோடு எடுத்துப் போக வேண்டியது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உனக்கு உண்டா இல்லையா என்பது நீ வருவதைப் பொறுத்தது.

இப்படிக்கு,
வீட்டில் இருந்தும் இல்லாத
உன் அத்தான்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கேமராவைப் பெட்டியில் வைக்கத் தேடினால் அதைக் காணோம். உன் அக்கா தானே எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். இத்தனை நாளும் நான் தூங்கும்போதெல்லாம் என்னைப் படமெடுத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் வாய் திறந்திருக்கிறது. "வெளியில அலைஞ்சதெல்லாம் வீண். பார்க்க வேண்டிய இடம் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு" என்றாள். ஃபிரிட்ஜிடம் அல்ல, என்னிடம். ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுக்குப் போகிறோம். படமெடுப்பது அவளாம், தண்ணீரில் விழ வேண்டியது நானாம். நீ வந்துவிடாதே, வீடு பூட்டியிருக்கும்.