மல்லிகைக்கு எதிராக ஒரு சதி

போன குளிர்காலத்தில் ஒரு கொலை செய்வதென்று முடிவெடுத்தேன். பதறாதீர்கள். செடிகளைத்தான்.

துவாரகாவில், நான்காவது மாடியில் எங்கள் வீடு. டெல்லி ஜனவரியில் வெயில் ரேஷன் சரக்கு மாதிரி. எங்கள் பால்கனிக்கு மதியம் கொஞ்ச நேரம் வரும். அந்த வெயிலில் நாற்காலி போட்டு, ஆரஞ்சு தின்றபடி காலை நீட்டி உட்கார வேண்டும். பென்சன் என்கிற இந்த அப்பாவி வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஏற்கெனவே மூன்று பேர் கால் நீட்டியிருந்தார்கள். முல்லை, குண்டுமல்லி, பிச்சி. என் மனைவி டெல்பின் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. அந்தப் பயணத்தில் நான் அப்பர் பெர்த். மூன்றும் ஆள் உயரத்துக்குப் புதராக மண்டி, வெயில் முழுவதையும் விழுங்கின. பூ மட்டும் வருஷத்துக்கு ஒரு கைப்பிடி.

"இதைக் கொஞ்சம் ஓரமா நகத்தலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஒங்களையா?" என்றாள்.

நல்லவேளையாக ஊரில் அவள் தம்பி மகளுக்கு ஞானஸ்நானம் வந்தது. பெட்டியும் கையுமாக வாசலில் நின்று உத்தரவு போட்டாள்.

"இஞ்ச பாருங்க. எனக்க செடியைத் தொடப்பிடாது."

"சேச்சே!"

"கத்தரிக்கோலைச் சாணை பிடிச்சு ஜன்னல்ல வச்சிருக்கேன். அதையும் தொடப்பிடாது."

"அதை நான் ஏன் தொடப்போறேன்?"

"தினமும் தண்ணி ஊத்தணும்."

"குளிப்பாட்டியே விடறேன், நீ போ."

அவள் டாக்ஸி தெருமுனை திரும்பியதும் கத்தரிக்கோலை எடுத்தேன். என்ன கூர்மை! கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். மிச்சமிருந்த இலைகளை உருவினேன். தண்ணீரைச் சுத்தமாக நிறுத்தினேன். நாலைந்து குச்சிகள்தான் மிஞ்சின. பழியைப் போடவும் ஓர் ஆள் தயாராக இருந்தது.

"இங்க பனி ரொம்ப, டெல்பின். செடியெல்லாம் வாடுது" என்றேன் போனில்.

"அச்சா?" என்றாள். அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நான் அனுபவித்த வெயில் இருக்கிறதே, மகாராஜாக்களுக்குக்கூட அது வாய்த்திருக்காது.

அவள் திரும்பி வந்தாள். பால்கனியைப் பார்த்தாள். பனி எங்கேயாவது இவ்வளவு நேராக வெட்டுமா? இடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள்கள் குலுங்கின.

எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. அன்றே நர்சரிக்கு ஓடி, ஒரு மூட்டை எருவைத் தோளில் சுமந்து வந்தேன். லிப்ட் வேறு ரிப்பேர். அன்றிலிருந்து நான் காபி குடிக்கும் முன் செடிகள் தண்ணீர் குடித்தன.

மே மாதம். வெளியே புழுதிக்காற்று. மார்க்கெட்டிலிருந்து கசங்கிப்போய் வந்து, இருட்டத் தொடங்கும் நேரத்தில் பால்கனிக் கதவைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று செடிகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. முதலில் முல்லை வந்தது, மெல்லிசாக, கூப்பிட்டது யாரென்று திரும்பிப் பார்க்க வைக்கிற மாதிரி. அடுத்து பிச்சி, இன்னும் கொஞ்சம் நெருங்கி. பிறகு குண்டுமல்லி. அது வாசனை இல்லை, வெள்ளம். கண்ணெதிரே ஒரு மொட்டு வாய் திறந்தது. நான் கொல்லப் பார்த்த செடி எனக்கு இதைத் தருகிறதே! ஜெபம் சொல்லத் தோன்றியது.

"பாய்சாப், க்யா குஷ்பூ ஹை!" என்று கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டி, வாசனையை மெச்சிக் கூவினார்.

பூக்கட்டிக்கொண்டிருந்த டெல்பினிடம் சரணடைந்தேன்.

"டெல்பின், பனி இல்லை. நான்தான் வெட்டினேன். கொல்லத்தான் பார்த்தேன்."

"தெரியுமே" என்றாள், நாரிலிருந்து கண்ணை எடுக்காமல். "தையில கவாத்து பண்ணி, இலையை உருவி, தண்ணியைக் காயப்போட்டாத்தான் இப்படிப் பூக்கும். எனக்க கையால வெட்ட மனசு வராது. ரெண்டு வருசமா வெட்டித் தாங்கன்னு கேட்டேன். செஞ்சியளா?"

"இல்லை..."

"அதான் இந்த வருசம் தொடப்பிடாதுன்னு சொன்னேன்."

"அப்போ அன்னைக்கு உள்ளே போய் அழுதியே?"

"சிரிச்சேன். எருவு வாங்கிட்டு வாரதுக்குள்ள சிரிச்சு முடிக்கணும்னு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மானம் போனாலும் நாற்காலி மிச்சம் என்று திரும்பினேன். அதன்மேல் புதிதாக ஒரு தொட்டி உட்கார்ந்திருந்தது.

"அது இருவாட்சி. மல்லியில இன்னொரு சாதி. ஞானஸ்நானத்துக்குப் போனப்ப கொண்டாந்த கன்னு, இவ்வளவு நாளும் அடுக்களை ஜன்னல்ல இருந்துச்சு" என்றாள். "இதுக்கு ஒரு வருசத்துக்கு யாரும் கைவைக்கப்பிடாது. அதனால நீங்க தாராளமா வெட்டுங்க, கேட்டியளா?"

இதுவரை ஓர் இலையைக்கூட நான் தொடவில்லை.