மேப் அங்கிளின் வான்கோழி வேட்டை

அன்றைக்கு டண்டினொங் வீட்டுக் கராஜில் இருந்தவர்கள்: மேப் அங்கிள், பஸ் ஓட்டும் சிவத்தார், நான். இல்லாதவை: வான்கோழி, துப்பாக்கி, துப்பாக்கிக்கு லைசென்ஸ், வேட்டையைப் பற்றி ஏதாவது தெரிந்த ஓர் ஆள். இவை இல்லாததை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டைத் திட்டக் கூட்டம் தேநீர் இடைவேளையோடு நன்றாகவே நடந்தது.

மெல்பர்ன் தமிழர்களில் உலகத்தைச் சுற்றி வந்தவர்கள் நிறைய உண்டு. வீட்டு கேட்டைத் தாண்டாமலே பயணக் களைப்பில் படுத்தவர் மேப் அங்கிள் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு, எங்கள் அன்ரிக்கு, தெரிந்திருக்கலாம். ஆனால் அன்ரியும் 'இஞ்சருங்கோ' என்றுதான் கூப்பிடுவார் என்பதால் எனக்குக் கடைசி வரை தெரியாமலே போயிற்று. இலங்கையில் மன்னார்க்காரர். கிடங்கு ஒன்றில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வந்து கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நான் அவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன்.

அந்தக் கராஜில் கார் நிற்காது. கார் நிற்க வேண்டிய இடத்தில் ஆஸ்திரேலியா நின்றது. சுவர் முழுக்க வரைபடங்கள். லாரி டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு, எந்த ஊர் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை சுத்தம், எந்தத் திருப்பத்தில் கங்காரு குறுக்கே பாயும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். பெர்த்துக்குக் காரில் போகிறவன்கூட இவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவான். இவ்வளவும் தெரிந்த மனிதர், மெல்பர்னை விட்டு ஒரு தடவைகூட வெளியே போனதில்லை.

முயற்சி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் ஒரு திட்டம் தயாராகும். அன்ரி விடியற்காலையில் எழுந்து கட்டுச்சோறு கட்டுவார். காரில் எல்லாம் ஏறும். சாவியைப் போடும் நேரத்தில் அங்கிளுக்கு ஏதாவது ஒரு குறை தென்பட்டுவிடும். வானம் சரியில்லை, டயரின் முகம் சரியில்லை, நடுவழியில் ஒரு ஊரில் ரோடு கிண்டியிருக்கிறான். சாமான்கள் இறங்கும். கராஜில் பாய் விரித்து, போக வேண்டிய ஊரின் வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிடுவோம். "இப்ப நாங்கள் இந்த இடத்தில நிக்கிறம்" என்று அங்கிள் கறி வடியும் விரலால் சுவரைத் தொட்டுக் காட்டுவார். கான்பெராவை நான் எலுமிச்சம் சாதத்தோடு மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே சொல்லிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் கைகட்டிக் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கிளுக்கு அது பிடித்துப் போனது. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்திருப்பேன்.

இந்த விளையாட்டு அன்ரிக்கு மட்டும் விளையாட்டாக இல்லை. அவருடைய ஒரே தங்கை சிட்னியில், கிரவீனில் இருந்தார். தங்கை இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம். இரண்டு பேரும் போனில்தான் அழுதார்கள், போனில்தான் சிரித்தார்கள். தங்கைக்குக் கைக்குழந்தைகள், அவர் கணவருக்கு டாக்ஸி. அவர்களால் வர முடியாது. விமானத்தில் போகலாமே என்றால் அங்கிள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "மேல மேப் இல்லை."

அந்த வருடம் தங்கை வீடு வாங்கினார். பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று. அன்ரி குசினியிலிருந்து கராஜ் வாசலுக்கு வந்து, கையிலிருந்த அகப்பையோடு நின்று, சத்தம் போடாமல் சொன்னார்:

"இந்த முறையும் பாயை விரிச்சியள் எண்டால், அடுத்த நாள் நான் பிளேன் ஏறுவன். திரும்பி வாறதுக்கு டிக்கெட் எடுக்க மாட்டன்."

நாங்கள் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்தோம். அன்ரி வெறும் வார்த்தை பேசுகிறவர் அல்ல.

அடுத்த வாரம் அங்கிள் வேட்டையோடு வந்தார். நியூ சவுத் வேல்ஸில் அரசாங்கக் காட்டிலேயே வேட்டையாட விடுகிறார்கள் என்று கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாரி என்ற வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான். சிட்னிப் பக்கம் காட்டு வான்கோழிகள் வீட்டுத் தோட்டங்களையே கிண்டிப் போடும் என்று இன்னொரு நாள் சொல்லியிருந்தான். அங்கிள் இரண்டையும் சேர்த்து ஒட்டினார். வழியில் காட்டில் இறங்குவது, வான்கோழி பிடிப்பது, அதைக் கொண்டுபோய் ஆசீர்வாத விருந்துக்குக் கொடுப்பது.

"அரச காடு எண்டால் ஆரின்ர காடு? எங்கட வரிக்காசு. அப்ப அதில நிக்கிற கோழி?"

"எங்கட கோழி, அண்ணை" என்றார் சிவத்தார்.

"அதைத்தான் சொல்லுறன். நாங்கள் மறந்துபோய் அங்க விட்டிருக்கிறம்."

எந்த நாளில் போவது என்பதுதான் பெரிய பிரச்சினையாயிற்று. அங்கிளுக்குத் தவக்காலம், ஈஸ்டர் முடியும்வரை மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், வாயில் வைக்க மாட்டார். யாழ்ப்பாணத்துச் சைவரான சிவத்தாருக்குச் செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம், அப்பாவுக்கு அமாவாசை, அம்மாவுக்குச் சித்திரைப் பௌர்ணமி. மனிதர் மச்சம் சாப்பிடும் நாட்களை எண்ணிப் பார்த்தால் ஒரு வான்கோழியை முடிக்கவே ஒரு வருடம் ஆகும் போலிருந்தது. விரத நாளில் சாப்பிடத்தானே கூடாது, பிடிக்கலாமா என்று அங்கிள் கேட்டார். சிவத்தார் கண்ணை மூடி யோசித்து, பிடிக்கலாம், கொல்லக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

"கொல்லாமல் வைச்சு என்னடாப்பா செய்யிறது?"

"கதைச்சுக்கொண்டு இருக்கலாம்."

கடைசியில் ஆசீர்வாதத்துக்கு முந்தின சனிக்கிழமை மட்டும் இரண்டு மதங்களிலிருந்தும் தப்பித்து நின்றது. துப்பாக்கிப் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அங்கிளிடம் இருக்கும் என்று சிவத்தார் நினைத்திருந்தார். மாணவர்களுக்குச் சலுகை விலையில் கிடைக்கும் என்று அங்கிள் என்னை நினைத்திருந்தார். யாரிடமாவது இரவல் கேட்கலாமா என்றேன். அங்கிளின் முகம் ஒரு நொடியில் வற்றிப் போனது.

"ரோட்டில துவக்கோட போறதே? உனக்கு என்ன விசரே? வலை போதும். கடலில மீன், காட்டில கோழி. வலை ஒண்டுதான்."

படித்த பிள்ளை என்று வேட்டைச் சட்டம் விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கிளேட்டனில் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு நண்பனைக் கேட்டேன். அவன் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. அந்தக் காட்டு வான்கோழி பாதுகாக்கப்பட்ட பறவையாம். தொட்டால் அபராதம். அதோடு, எங்கள் வழியில் இருக்கும் காட்டில் அது கிடையவே கிடையாதாம். ஓடிவந்து முதலில் குசினியில் அன்ரியிடம் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தம்பி, இதை அவரிட்டச் சொன்னியெண்டால் கார் வெளிக்கிடாது. வாயை மூடிக்கொண்டு வா."

அந்த வீட்டில் முதல் தடவையாக எனக்கு ஒரு அரசாங்க ரகசியம் கிடைத்தது. மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை கார் ஏறியது. டிக்கியில் வலை, இடியப்பம், சம்பல், ஒரு பை தேசிக்காய் என்கிற எலுமிச்சை, வீட்டு மரத்துக் கொய்யாப்பழம் அரைச் சாக்கு. முன் சீட்டில் ஒரு தடித்த உறை. கடவுச்சீட்டுகள், குடியுரிமைப் பத்திரம், கல்யாணப் பத்திரம், அங்கிளின் ஞானஸ்நானப் பத்திரம், நல்லவர் என்று கிடங்கு மேனேஜர் எழுதிய கடிதம் எல்லாம் அதில். சிவத்தாரைப் பஸ் கம்பெனிச் சீருடையில் வரச் சொல்லியிருந்தார். சீருடையைப் பார்த்தால் ஒரு மரியாதை இருக்குமாம். என் மாணவர் அட்டையைக் கழுத்தில் கயிறு போட்டு அவரே மாட்டிவிட்டார். வேட்டைக்குப் போகிறோமா, இன்டர்வியூவுக்குப் போகிறோமா என்று எனக்குப் புரியவில்லை.

கார் கிளம்பியது. அன்ரி ஜெபமாலையை விடவில்லை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று அங்கிள் இரண்டு தடவை காரைத் திருப்பினார். மூன்றாவது தடவை கேட்டபோது, வீடு எரிந்தால் எரியட்டும் என்று அன்ரி சொல்லிவிட்டார்.

பெரிய ரோட்டில் செக்கிங் அதிகம் இருக்கும் என்று அங்கிள் ஒரு சின்ன ஊரின் பழைய பாலத்தைத் தேர்ந்திருந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் விக்டோரியா, அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் காரை ஓரம் கட்டினார். கண்ணாடிகளை முழுவதும் இறக்கினார். பட்டப்பகலில் காரின் உள்விளக்கைப் போட்டார். அன்ரியிடம் திரும்பினார்.

"நீர் இறங்கும். எல்லாரும் இறங்குங்கோ. ஐடியைக் கையில வைச்சிருங்கோ. நடந்து வாங்கோ, கார் தனிய வரும்."

நான் சிரித்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போக யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அன்ரியும் சிவத்தாரும் ஏற்கெனவே இறங்கி நின்றார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்ரி கைப்பையைத் திறந்து, உள்ளே இருப்பது தெரியும்படி பிடித்திருந்தார். சிவத்தார் தன் அட்டையை, படம் வெளியே தெரிய, நெஞ்சுக்கு நேரே வைத்திருந்தார். இலங்கையில் சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகளை இப்படித்தான் நடந்து கடந்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் இறங்கி அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

ஆற்றில் யாரோ தூண்டில் போட்டிருந்தார்கள். ஒரு லாரி ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அங்கிள் இரண்டு கைகளும் வெளியே தெரியும்படி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் நடக்கும் வேகத்திலேயே காரை உருட்டிவந்தார்.

பாலத்தைத் தாண்டி உண்மையாகவே ஒருவர் நின்றார். ஆரஞ்சு நிற மேலாடை, கையில் ஒரு தடுப்புப் பலகை. அங்கிளின் முகத்தில் வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! நான் சொன்னேனே என்பது போல் எங்களைப் பார்த்துவிட்டு, இறங்கி அந்த உறையை நீட்டினார். நின்றவரோ பழ ஈ பரவாமல் தடுக்கும் அதிகாரி. கேட்டதெல்லாம் காரில் பழம் இருக்கிறதா என்று மட்டும். ஆனாலும் மரியாதை தெரிந்தவர். ஞானஸ்நானப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். கொய்யாப்பழமும் தேசிக்காயும் குப்பைத் தொட்டிக்குப் போயின. கறிவேப்பிலைக்கு மட்டும் அன்ரி சண்டை பிடித்தார். அதிகாரி ஒரு கொத்தை முகர்ந்து பார்த்தார், தும்மினார், கொண்டுபோகச் சொன்னார்.

அங்கிள் நகரவில்லை. நாங்கள் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றார் அதிகாரி. திரும்பி வரும்போது என்ன காட்ட வேண்டும் என்று கேட்டார். அதிகாரிக்குக் கேள்வியே விளங்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் வா, எப்போது வேண்டுமானாலும் போ, பழம் மட்டும் வேண்டாம் என்றார். அங்கிளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுறான் தம்பி?"

"எப்ப வேணும்னாலும் வரலாமாம், போகலாமாம், அங்கிள்."

காரில் ஏறிய பிறகு அவர்தான் உள்விளக்கை அணைத்தார்.

மத்தியானம் அரசாங்கக் காட்டில் இறங்கினோம். இனி கார் திரும்பிப் போகாது என்று தைரியம் வந்து, அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன், "அங்கிள், அந்தக் கோழியைப் பிடிச்சா ஃபைன் போடுவாங்க. இங்க அது கிடையவும் கிடையாது."

"தெரியும். பாரி அப்பவே சொன்னவன்."

"அப்புறம் எதுக்கு அங்கிள் இவ்வளவும்?"

அவர் வலையின் சிக்கலைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "அவளை மட்டும் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்துக்கு வர எனக்கு ஏலாது தம்பி. ரோட்டுக்குப் பயம், துணைக்கு வாங்கோ எண்டு கேட்டால் வெக்கம். வேட்டை எண்டால் நீங்கள் வருவியள். இதை அன்ரியிட்டச் சொல்லிப்போடாதை."

இப்படியாக ஒரே பொய்யைப் புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டிக்காகவும், பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷனுக்காகவும் காப்பாற்றும் பதவி எனக்கு வந்தது. ஆனால் வந்ததற்கு வலையை விரிக்காமல் போக அங்கிளுக்கு மனமில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினார். அரை மணி நேரத்தில் மரத்தடிக்கு ஒதுங்கப் போன சிவத்தார் அதில் மாட்டினார். அவரைப் பிரித்தெடுப்பதற்குள் சீருடையில் பொத்தான் இரண்டு போயிற்று.

வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், பாறை மாதிரி உறைந்திருந்த ஒரு வான்கோழியை வாங்கினோம். பொழுது சாயும் நேரத்தில் கிரவீன் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த தங்கை, அக்காவைப் பார்த்ததும் கதவுப் பிடியை விடவே மறந்துவிட்டார். இரண்டு பேரும் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே போக மற்றவர்களுக்கு வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்து அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் அத்தான் காட்டில் பிடித்தது என்று பையைக் கொடுத்தார். தங்கை அதைத் தட்டிப் பார்த்தார்.

"பிடிக்கேக்கயே இப்பிடி உறைஞ்சே நிண்டது?"

"குளிரான காடு" என்றார் அங்கிள், கொஞ்சமும் அசையாமல்.

அன்ரி இரண்டு வாரம் தங்கினார். அவரை அழைத்துவர அங்கிள் தனியாகவே போனார். அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை. டண்டினொங்கில் யார் வீட்டு விருந்திலும், நாலு பேர் சேர்ந்தால் போதும், அந்தக் குளிரான காட்டின் கதைதான். ஒவ்வொரு தடவையும் வான்கோழி ஒரு கிலோ கூடும்.

பெட்ரோல், வான்கோழி, சிவத்தாரின் பொத்தான், குப்பைக்குப் போன கொய்யாப்பழம் வரை கணக்குப் போட்டதில் மொத்தம் முன்னூற்று எண்பத்தாறு டாலர். மூன்றாகப் பிரித்தபோது என் பங்கை அங்கிள் வாங்க மறுத்துவிட்டார். நான் சரியாகவே சாப்பிடவில்லையாம். ஆசீர்வாத விருந்தில் என் தட்டை மூன்று தடவை நிரப்பியது அவர்தான்.