மௌன அஞ்சலியில் சிரித்த ஆமை

ஒரு காட்டில், முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. காலிப் பானைக்குள் புளியங்கொட்டை உருள்வது போன்ற சத்தம். முதலில் ஒரு கொட்டை. சற்று நின்று, இரண்டு. பிறகு பானையையே யாரோ தூக்கிக் குலுக்கியதுபோலக் கடகடவென்று உருண்டது. அன்று அங்கே இருந்த யாரும் அந்தச் சத்தத்தை மறக்கவில்லை. ஒரு காரணம், அது நல்ல சிரிப்பு. இன்னொரு காரணம், அப்போது மௌன அஞ்சலி நடந்துகொண்டிருந்தது.

சிரித்தது ஓர் ஆமை. பெயர் அம்புஜவல்லி.

அந்தக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளம் இருந்ததால் ஓர் அலுவலகமும் இருந்தது. நீர் ஒதுக்கீட்டு அலுவலகம். எந்த விலங்கு, எந்தக் கரையில், எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று அங்கேதான் முடிவாகும். தண்ணீர் வேண்டுபவர் தாகச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அதில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரும் உறவினராக இருக்கக் கூடாது; இருவருக்கும் தாகம் இருக்கக் கூடாது. கோடைக்காலத்தில் அப்படி இருவரைத் தேடி மான்கள் பக்கத்துக் காடுவரை போய்வரும்.

அலுவலகத்துக்குத் தலைவர் சிங்கம். தலைமை எழுத்தர் சாரங்கபாணி என்ற நரி. தட்டச்சர் சுகந்தி என்ற முயல். அம்புஜவல்லி அனுப்புகைப் பிரிவில் இருந்தது. வெளியே போகவேண்டிய கடிதங்களைப் பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி அனுப்புவது அதன் வேலை. ஓர் ஆமையை அந்த வேலையில் தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தெரிந்துதான் போட்டார்கள்.

அதன் மேசையிலிருந்து குளம் இரண்டு மீட்டர் தூரம். காலையில் குளத்திலிருந்து கிளம்பி வேலைக்கு வரும். மாலையில் மேசையிலிருந்து கிளம்பிக் குளத்துக்குப் போகும். போகவர நான்கு மீட்டர். ஒரு நாளில் அதனால் நடக்க முடிந்தது அவ்வளவுதான். பணி ஓய்வுக்கு இன்னும் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் இருந்தன. அதற்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அந்த மேசை, அந்தக் குளம், நடுவில் அந்த இரண்டு மீட்டர்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பொருள்: பணியிடத்தில் நகைச்சுவையைப் பயன்படுத்துதல். சிரிக்கும் அலுவலகத்தில் வேலை வேகமாக நடப்பதாக ஆய்வில் தெரியவந்துள்ளது. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்தேகால் மணிக்கு அலுவலகத் தலைவர் ஒரு நகைச்சுவை சொல்ல வேண்டும். பணியாளர்கள் தாமாகச் சிரிக்க வேண்டும். சிரிக்காதவர் பெயரை மாத இறுதியில் ஏழாம் எண் படிவத்தில் அனுப்ப வேண்டும். மூன்று மாதம் பெயர் வந்தவரைக் கரட்டுமலைக் கிளைக்கு மாற்ற வேண்டும். பின்னிணைப்பில் ஐம்பத்திரண்டு நகைச்சுவைகள் இருந்தன, வாரத்துக்கு ஒன்றாக.

"தாமாகன்னா என்ன சார்?" என்று முயல் நரியிடம் கேட்டது.

"தாமாவேதான். ஆனா நான் குறிச்சு வச்சுக்கற மாதிரி" என்றது நரி.

முதல் திங்கட்கிழமை சிங்கம் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, ஒரு நகைச்சுவையைப் படித்தது. முடிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். யார் முதலில் சிரித்தது, யார் இரண்டாவது என்று நரி வரிசையாக எழுதிக்கொண்டது. மறுநாள் முயல் அந்தப் பதிவேட்டை எட்டிப் பார்த்தது. அதன் பெயர் நான்காவதாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை முயல் ஒரு வரி முன்னதாகவே சிரித்துவிட்டது. அதைப் பார்த்த குரங்கு அதற்கடுத்த வாரம் இரண்டு வரி முன்னதாகச் சிரித்தது. ஐந்தாவது வாரம் சிங்கம் "ஒரு ஊர்ல" என்று வாயைத் திறந்ததுமே கூரை அதிர்ந்தது. கழுதைப்புலி ஞாயிற்றுக்கிழமையே சிரிக்கத் தொடங்கியிருந்தது. அதற்குச் சிறந்த பணியாளர் விருது கொடுத்தார்கள்.

சிங்கத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"எனக்குள்ள இப்படி ஒரு திறமை இருக்குன்னு எனக்கே தெரியாதுய்யா."

"எங்களுக்குத் தெரியும் சார்" என்றது நரி.

ஆனால் சிங்கம் கடமை தவறாதது. சுற்றறிக்கையில் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று இருந்ததால் முழுமையாகவே சொல்லும். எல்லோரும் சிரித்துமுடித்துத் தேநீர் குடிக்கப் போன பிறகும், வெறும் நாற்காலிகளைப் பார்த்து மீதியைப் படிக்கும். அப்போது அறையில் ஆமை மட்டும் இருக்கும். நகைச்சுவைமேல் இருந்த பிரியத்தால் அல்ல. வாசல் பக்கம் திரும்புவதற்கே அதற்கு அவ்வளவு நேரம் ஆகும்.

ஆகவே அந்த அலுவலகத்தில் எல்லா நகைச்சுவைகளின் முடிவையும் கேட்டது ஆமை ஒன்றுதான். அது மட்டும்தான் சிரிக்கவும் இல்லை. ஆமைக்கு எந்தச் சொல்லும் ஓட்டைக் கடந்து உள்ளே போய்ச்சேர மூன்று நாள் வேண்டும். அந்த நகைச்சுவைகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. போய் அங்கேயே இருந்தன.

இரண்டு மாதம் ஏழாம் எண் படிவத்தில் அம்புஜவல்லியின் பெயர் போயிற்று. இன்னும் ஒரு முறை போனால் கரட்டுமலை. பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே குளம் கிடையாது. சுவரில் குளத்தின் படம் ஒன்று மாட்டியிருப்பார்கள். பணியில் சேர ஏழு நாள் அவகாசம். ஏழு நாளில் சேராதவருக்குப் பணி நீக்கம். ஞாயிறும் விடுமுறைகளும் போக, ஒரு நாளைக்கு நான்கு மீட்டர் என்று ஆமை மனதுக்குள் போட்டுப் பார்த்தது. பத்து ஆண்டுகள் வந்தன.

முயலுக்கு நல்ல மனது. "அம்புஜம்மா, சும்மா வாயைத் திறந்து பல்லையாவது காட்டுங்களேன்" என்றது.

"எனக்குப் பல்லே கிடையாதே, சுகந்தி."

"அப்போ சத்தமாவது போடுங்க."

"சிரிப்பு வந்தா போடறேன்."

"வந்தப்புறம் சிரிக்கறதுக்கு இது என்ன உங்க வீடா? ஆபீஸ்ம்மா!"

பத்தாவது வாரம் சிங்கம் பின்னிணைப்பின் பத்தாவது நகைச்சுவையைப் படித்தது. "ஒரு முதலை" என்றதுமே அலுவலகம் சிரித்தது. சிரித்துவிட்டுத் தேநீருக்குப் போயிற்று. சிங்கம் மீதியைப் படித்தது. ஆமை திரும்பிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பழைய கண்காணிப்பாளர் யானை காலமான செய்தி வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஆனபோது, அந்த முதலை ஆமையின் ஓட்டைக் கடந்து உள்ளே போய்ச்சேர்ந்தது.

சிங்கத்தின் பிடரி சிலிர்த்து நின்றது. அரை மணி நேரத்தில் குறிப்பாணை தயாரானது. குற்றச்சாட்டு: மௌனத்தின்போது மௌனமாக இல்லாதது. எந்தக் குறிப்பாணையும் அனுப்புகைப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே அம்புஜவல்லி தன் பெயருக்கு வந்த குறிப்பாணையைத் தானே பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி, தன்னிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டது. அந்த ஆண்டில் மிக வேகமாகப் போய்ச்சேர்ந்த கடிதம் அதுதான்.

மறுநாள் விசாரணை. சிங்கம் நடுவில் உட்கார்ந்தது. நரி கேள்வி கேட்டது. மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

"எதுக்கும்மா சிரிச்சீங்க?"

"திங்கட்கிழமை ஐயா சொன்ன நகைச்சுவைக்கு."

"திங்கட்கிழமை சொன்னதுக்கு வியாழக்கிழமையா? நாங்கல்லாம் அப்பவே சிரிச்சோமே!"

"நீங்க ஐயா முடிக்கறதுக்கு முன்னாடி சிரிச்சீங்க. நான் முடிச்சப்புறம் சிரிச்சேன். கொஞ்சம் அதிகமா பின்னாடி போயிடுச்சு."

சிங்கம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தது. "நான் முடிச்சதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

ஆமை சொன்னது. ஒரு முதலை பல் மருத்துவரிடம் போனது. மருத்துவர் ஒரு கொக்கு. கொக்கு முதலையின் வாய்க்குள் தலையை விட்டு, "எந்தப் பல் வலிக்குது?" என்று கேட்டது. "வலியெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர்" என்றது முதலை. "நான் இந்த வழியா சும்மா போயிட்டிருந்தேன். வெளியே வரிசையில உக்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்து 'நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க'ன்னு சொன்னாங்க. இவ்வளவு மரியாதையா சொல்றாங்களேன்னு உள்ளே வந்தேன்."

ஆமை சொல்லி முடித்தது. அறையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விசாரணையில் சிரிப்பது குற்றம். சிங்கத்தின் நகைச்சுவைக்குச் சிரிக்காததும் குற்றம். முயல் ஒரு கோப்பைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டது. அந்தக் கோப்பு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கழுதைப்புலி அவசரமாக வெளியே ஓடியது. குரங்கு பாதி வாயைத் திறந்து அப்படியே வைத்துக்கொண்டது, எந்தப் பக்கமும் போக வசதியாக.

சிங்கம் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது: "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"சார், அது உங்க நகைச்சுவை சார்" என்றது நரி.

"அது தெரியும்யா. என்ன இருக்குன்னு கேட்டேன்."

"நீங்க சொன்ன விதம் சார்."

"பத்து வாரமா எதுக்குச் சிரிச்சே நீ?"

"முன்கூட்டியே சார்."

சிங்கம் ஆமையின் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்கம்மா."

சொன்ன விதம் என்று ஆமையும் சொல்லியிருக்கலாம். அதற்கு அது தெரியும். அது ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தது. வெயிலில் தண்ணீர் சும்மா கிடந்தது. ஆமை யோசித்தது. தேநீர் வந்தது, எல்லோரும் குடித்தார்கள், கோப்பைகள் போயின. பிறகு ஆமை சொன்னது:

"வரிசையில இருந்தவங்க மரியாதைக்காக வழி விடலை சார். பயந்து வழி விட்டாங்க. அது முதலைக்கு மட்டும் தெரியலை."

சுவரோரம் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நரி தன் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டது.

"தெரியலையா?" என்றது சிங்கம்.

"தெரியலை சார்."

"அத்தனை பேர் நிக்கறாங்க. ஒருத்தர் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்குமே?"

"பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

"பார்க்கவே இல்லையா?"

"இல்லை சார்."

சிங்கத்தின் மீசை துடித்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சிங்கம் சிரித்தது. மேசையை அறைந்து சிரித்தது, நாற்காலியிலிருந்து வழுக்கிச் சிரித்தது, மல்லாந்து கிடந்து நான்கு கால்களையும் உதறிச் சிரித்தது. "முட்டாள் முதலை! அவ்வளவு பேரும் நடுங்கிட்டு நிக்கறாங்க, மரியாதைன்னு நினைச்சிட்டிருக்கு பார்! இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமாய்யா, சாரங்கபாணி?"

"இருக்காது சார்" என்றது நரி, தரையைப் பார்த்து.

"இருக்கவே இருக்காது சார்" என்றது முயல், கோப்புக்குப் பின்னாலிருந்து.

சிங்கம் பிடரியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நகைச்சுவை அதற்குப் புரிந்திருந்தது. "இந்த அம்மா இங்கே இருக்க வேண்டியவங்களே இல்லை" என்றது.

மறுநாள் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அம்புஜவல்லிக்குப் பதவி உயர்வு. தலைமை அலுவலகத்தில் நகைச்சுவை விளக்க அலுவலர். தூரம் அறுபது கிலோமீட்டர். பணியில் சேர ஏழு நாள் அவகாசம்.

ஆமை அந்த உத்தரவை மூன்று முறை படித்தது. "சாரங்கபாணி சார், இதை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"சொல்லலாம். ஏன் வேண்டாம்னு ஒரு விசாரணை வைப்பாங்க. விசாரணையில நீங்க ரொம்ப நல்லாப் பேசறீங்கம்மா. அடுத்த பதவி உயர்வு கடலுக்கு அந்தப் பக்கம்தான்."

"அங்கே குளம் இருக்கா?"

"குழாயிலயே தண்ணி வருதாம்" என்றது நரி. அது பொய் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் வரும்.

வழியனுப்பு விழா நடந்தது. சிங்கம் முதலைக் கதையை இன்னொரு முறை சொல்லி, தானே சிரித்தது. ஆமைக்கு மாலை போட்டார்கள். அது ஓட்டிலிருந்து வழுக்கி விழுந்தது. முயல் வாசல்வரை கூட வந்து அழுதது. அழுது, முகம் கழுவி, மேசைக்குப் போய் ஒரு கடிதம் தட்டச்சு செய்து முடித்து எட்டிப் பார்த்தபோது, ஆமை இன்னும் வாசலில்தான் இருந்தது. முயல் திரும்ப ஒருமுறை போய் அழுதுவிட்டு வந்தது.

ஏழாவது நாள் ஆமை, ஞாயிறு போக, இருபத்துநான்கு மீட்டர் போயிருந்தது. திங்கட்கிழமை பத்தேகால் மணிச் சிரிப்பு அங்கேவரை நன்றாகக் கேட்டது. பணியில் சேராததால் தலைமை அலுவலகம் பணி நீக்க உத்தரவு பிறப்பித்தது. விதிப்படி அந்த உத்தரவைப் பழைய அலுவலகத்தின் அனுப்புகைப் பிரிவு வழியாகத்தான் ஆமைக்குக் கொடுக்க வேண்டும். அனுப்புகைப் பிரிவில் இடம் காலி. அம்புஜவல்லி பதவி உயர்வில் போய்விட்டது. உத்தரவு தட்டில் கிடக்கிறது. ஆகவே சட்டப்படி ஆமை இன்னும் பணியில் இருக்கிறது. மழை பெய்தால் சாலையோரப் பள்ளங்களில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்த ஊர்களில் அதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை.

நீதி: மேலதிகாரி நகைச்சுவை சொன்னால், முடிவதற்குள் சிரித்துவிட வேண்டும். முடியும்வரை கேட்டால் புரிந்துவிடும். புரிந்தவருக்குப் பதவி உயர்வு வந்துவிடும்.

அம்புஜவல்லி போன மாதம் முப்பத்தாறாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியது.