உள்ளறை காலியான விவரம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் பேத்தியும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தையும், குறிப்பாக உங்கள் வலது முழங்காலின் சௌக்கியத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

நீங்கள் படியில் விழுந்த செய்தி கேட்டு நாங்கள் உங்கள் மூன்று மாடியும் ஏறி வந்து, தனியாக இருந்தது போதும், எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டோமே, அப்போது நீங்கள் சொன்ன பதில் உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "உங்க வீட்டுல எனக்கு எங்க மாப்பிள்ளை இடம்? பீரோ மேல ஏறிப் படுத்துக்கவா?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வரும்போது உங்கள் மகள் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் கிடங்கு மேற்பார்வையாளன். ஊரார் சரக்குக்கெல்லாம் இடம் கண்டுபிடித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். சொந்த மாமனாருக்கு ஆறடி இடம், மன்னிக்கவும், வாயில் நல்ல வார்த்தை வரவில்லை, ஒரு கட்டில் போட இடம் இல்லையென்றால் என் உத்தியோகத்துக்கு என்ன மரியாதை?

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். இனிமேல் இந்த வீட்டுக்குப் புதுச் சாமான் கிடையாது. சட்டையோ சட்டியோ, எது தேவையென்றாலும் தெருமுனைப் பழைய சாமான் கடையில்தான் வாங்க வேண்டும். அது மட்டுமில்லை, சாமான் அடைந்து கிடக்கும் உள்ளறை காலியாகும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆளுக்கு இரண்டு சாமானை அதே கடைக்குத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் பேத்தி, நாங்கள் குட்டி வக்கீல் என்று கூப்பிடுவோமே, அவள் மட்டும் ஆயிரம் கேள்வி கேட்டாள். உங்கள் மகள் என் ரேடியோவைத்தான் பார்த்தாள்.

ஆரம்பத்தில் ஜோராகத்தான் போனது. உடைந்த இஸ்திரிப்பெட்டி, காது கேட்காத டெலிபோன், யாருக்கும் பத்தாத ஸ்வெட்டர் எல்லாம் கிளம்பிப் போயின. ஒற்றைச் செருப்பை மட்டும் கடைக்கார அம்மா வாங்க மறுத்துவிட்டார். அதற்கப்புறம் மனசுக்கு வேண்டிய சாமான்களின் முறை வந்தது பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. என் ரேடியோ தலையில் ஓர் அடி கொடுத்தால்தான் பேசும், ஆனால் பேசினால் அதைப்போல் பேச ஆளில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கடைக்குப் போனேன். போன இடத்தில் மூடியில்லாத ஒரு பிளாஸ்க் சல்லிசாகக் கிடந்தது. சட்டென்று ஒரு யோசனை. ரேடியோவுக்குப் பதிலாக அதை வாங்கி, கிடங்கில் என் மேஜைக்கடியில் ஒளித்துவைத்து, அடுத்த சனிக்கிழமை என் பங்காக அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரேடியோ தப்பித்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சட்டம் போட்டவனே ஏமாற்றினான் என்று நினைத்துவிடாதீர்கள் மாமா, இதற்குப் பெயர் நிர்வாகத் திறமை.

இந்தத் திறமை எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் வேலை விட்டு வரும் வழியில் கடைக்குள் நுழைகிறேன், அங்கே உங்கள் மகள் நிற்கிறாள். கையில் ஒரு போட்டோ சட்டம். போட்டோவில் இருப்பது யாரோ எவரோ. தன் கண்ணாடி டீ செட்டைக் காப்பாற்ற இந்த முன்பின் தெரியாத குடும்பத்தை வாரா வாரம் பலிகொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கையில் அலமாரிக்குப் பின்னாலிருந்து குட்டி வக்கீல், பாதி உலகம் அழிந்துபோன ஓர் உலக உருண்டையோடு வெளியே வருகிறாள். மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இந்த பிளாஸ்க்க நீங்க வாங்குறதும் குடுக்குறதுமா எனக்கே அலுத்துப்போச்சு சார். பேசாம இங்கயே இருக்கட்டும். தோணுறப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது குட்டி வக்கீல் கேட்டாள், பிளாஸ்க்கைப் போய்ப் பார்க்கலாம் என்றால் ரேடியோவையும் போய்ப் பார்க்கலாமே, டீ செட்டையும் பார்க்கலாமே என்று. பெற்ற பெண்ணாச்சே, மூளை வேறு எங்கே போகும்? அவ்வளவுதான். மனக்குறையே இல்லாமல் உள்ளறையில் இருந்த அத்தனையும் கிளம்பிவிட்டது. இப்போது நான் வேலை விட்டதும் கடைக்குப் போய், ரேடியோவை ஒரு தட்டுத் தட்டி, செய்தி கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மகள் அங்கே போய் டீ செட்டைத் துடைத்துவைத்துவிட்டு வருகிறாள்.

ஆகவே மாமா, நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன், உள்ளறை காலி. நானே சுண்ணாம்பு அடித்தேன். அதே கடையில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. உங்கள் காலுக்கு உயரம் சரியாக இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துதான் வாங்கினேன். நான் படுத்துப் பார்த்தேன், உங்கள் மகள் உட்கார்ந்து பார்த்தாள், குட்டி வக்கீல் குதித்துப் பார்த்தாள், கட்டில் அசையவில்லை. கைத்தடி மாட்ட ஓர் ஆணியும் அடித்திருக்கிறேன். நேற்று உங்கள் மகள் அந்த அறை நடுவில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். எதிரொலி கேட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் எதிரொலி கேட்பது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன். சாக்குப்போக்கு எதுவும் செல்லாது. பக்கத்து வீட்டாருக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்குப் பேத்தியின் முத்தம்.

தங்கள் ஆசியையும் வருகையையும் வேண்டும்,
காலி அறையின் சொந்தக்காரன்,
மாப்பிள்ளை.

பி.கு.: கடித உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். கடைக்கார அம்மா கீழே இறங்கி, "தினமும் வந்து ஆசையாப் பாத்துட்டுப் போறீங்களே சார், உங்க சாமான வேற யாருக்கும் விக்க எனக்கு மனசே வரல" என்று கண் கலங்கினார். லாரியில் எங்கள் சாமான்கள் எல்லாம் இருந்தன. பிளாஸ்க்கும் இருந்தது. மழை வேறு தூற ஆரம்பித்தது. சரக்கு நனைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது மாமா, கை தானாக ஓடியது. எல்லாவற்றையும் உள்ளறையில் கூரை வரை, விரல் நுழைய இடமில்லாமல் அடுக்கிவிட்டேன். என் ஆயுசிலேயே அப்படி ஓர் அடுக்கு அடுக்கியதில்லை. பெருமையோடு திரும்பினால் உங்கள் மகள் வாசற்படியில் நிற்கிறாள். "அப்பா எங்க படுப்பாரு?" என்றாள். அடுக்கின் அடித்தளமே உங்கள் கட்டில்தான்.

அதனால் எங்கள் படுக்கையறை இனி உங்களுடையது. குளியலறைக்கும் அதுதான் பக்கம். நாங்கள் கூடத்துக்கு வந்துவிட்டோம். வரும்போது சாமான் எதுவும் வேண்டாம், உபரியாக ஒரு மெத்தை இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். எங்கள் கட்டில் உங்களுக்கு உயரம் என்பதால் இப்போதுதான் நாலு காலையும் ரம்பத்தால் அறுத்து முடித்தேன். உங்கள் முழங்கால் உயரத்துக்குச் சரியாக நிற்கிறது. இனி அது வேறு யாருக்கும் ஆகாது. நீங்கள் வந்துதான் ஆக வேண்டும்.